வங்கியில் போட்ட பணமும் காப்புறுதிக்குக் கட்டிய பணமும் ஒன்றல்ல

ஜோர்ஜ்டவுன் – பினாங்கில் ஒரு சாதாரணத் தமிழ்க் குடும்பத்தின் பணம் பல இடங்களில் பிரிந்து கிடக்கிறது. சம்பளத்தில் பிடிக்கப்படும் இபிஎஃப், சொக்சோ ஒரு பக்கம். பேங்க் சிம்பானான் நேஷனலில் ஒரு கணக்கு, பிள்ளையின் பெயரில் ஒரு காப்புறுதி, அப்பா தோட்டத்தில் இருந்த காலத்தில் வாங்கிய கூட்டுறவுச் சங்கப் பங்கு, அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து கட்டும் கூட்டு, அவசரத்துக்கு அடகுக்கடையில் வைத்த நகை என்று இன்னொரு பக்கம்.

இவை எல்லாவற்றையும் “பணம் போட்டிருக்கிறோம்” என்று ஒரே மாதிரி சொல்வதுதான் வழக்கம். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் கிடைத்திருக்கும் வாக்குறுதி வேறு. சட்டப் பாதுகாப்பும் வேறு. மூன்று நேரங்களில் இந்த வேறுபாடு குடும்பத்தின் கழுத்தைப் பிடிக்கும்: சம்பாதிப்பவர் திடீரென இறக்கும்போது, அவசரத்துக்குப் பணம் தேவைப்படும்போது, பணம் போட்ட நிறுவனமே சரியும்போது. அந்த நேரம் வருவதற்கு முன்பே எது என்ன என்று தெரிந்துகொண்டால் பல குடும்பங்கள் அலைச்சலைத் தவிர்க்கலாம்.

சம்பளச் சீட்டிலேயே இருக்கும் பாடம்

சேமிப்புக்கும் காப்புறுதிக்கும் உள்ள வேறுபாட்டை அறிய வங்கிக்குப் போக வேண்டியதில்லை. மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்தாலே போதும்.

குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்கும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோர் கணக்கு இது. அவருடைய 11 விழுக்காட்டுப் பங்கான 187 ரிங்கிட் இபிஎஃப் கணக்கில் சேர்கிறது. முதலாளி 13 விழுக்காடு, அதாவது 221 ரிங்கிட் சேர்க்கிறார். மாதம் 408 ரிங்கிட். அந்தப் பணம் அவருடையது. அதற்கு ஆண்டுதோறும் இலாப ஈவு வரும். வழக்கமான சேமிப்புக் கணக்குக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு சட்டப்படி உறுதி.

அதே சம்பளத்தில் சொக்சோவுக்குத் தொழிலாளி கட்டுவது அரை விழுக்காடுதான், 8 ரிங்கிட் சொச்சம். முதலாளி 1.75 விழுக்காடு கட்டுகிறார். இந்தப் பணம் யாருடைய தனிக் கணக்கிலும் சேராது. நாடு முழுவதும் உள்ள தொழிலாளர்களின் சந்தாவோடு ஒன்றாகக் கலந்துவிடும்.

இப்போது அந்தத் தொழிலாளி வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம், வேலைக்குப் போகும் வழியில் விபத்தில் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? இபிஎஃப் கணக்கில் இருப்பது ஆறு மாதச் சேமிப்பான 2,448 ரிங்கிட். அதற்கு மேல் இபிஎஃப் வழங்கும் இறப்பு உதவித்தொகை 2,500 ரிங்கிட் கிடைக்கலாம். அவ்வளவுதான். சேமிப்பு என்பது சேர்த்ததைத்தான் தரும்.

சொக்சோவின் கணக்கு வேறு. வேலை தொடர்பான விபத்து என்று ஏற்கப்பட்டால், நாள் சம்பளத்தின் 90 விழுக்காடு என்ற அடிப்படையில் அவரைச் சார்ந்தவர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கும். மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, அவர் வாழும்வரை. பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு, 21 வயது வரை அல்லது திருமணம் வரை. கட்டியது ஐம்பது ரிங்கிட் அளவு. கிடைப்பது ஆண்டுக்கணக்கில் நீளும் வருமானம்.

எதுவும் நடக்காத தொழிலாளி முப்பது ஆண்டு சொக்சோ கட்டினாலும் அந்தப் பணம் திரும்ப வராது. இபிஎஃப்போ முழுவதும் திரும்ப வரும். “கட்டிய பணம் வீணாகிவிட்டது” என்று காப்புறுதியைப் பற்றிப் பலர் குறைப்படுவது இதனால்தான். உண்மையில் அந்தப் பணம், கெட்ட காலம் வந்த இன்னொரு குடும்பத்துக்குப் போயிருக்கிறது. அதே கெட்ட காலம் தனக்கு வந்தால் மற்றவர்கள் பணம் தன் வீட்டுக்கு வரும். காப்புறுதியின் அடிப்படை இதுதான். 1951இல் தொடங்கிய இபிஎஃப் சேமிப்பு. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1971இல் தொடங்கிய சொக்சோ காப்புறுதி.

இரண்டு தொழிலும் பணம் பார்க்கும் விதம்

வங்கியின் தொழில் எளிது. ஒருவரிடம் வைப்புத்தொகை வாங்கி, இன்னொருவருக்குக் கடன் கொடுக்கிறது. எடுத்துக்காட்டாக, வைப்புக்கு 3 விழுக்காடு வட்டி கொடுத்து, வீட்டுக் கடனுக்கு 4.5 விழுக்காடு வாங்கினால், இடையில் உள்ள ஒன்றரை விழுக்காட்டில்தான் ஊழியர் சம்பளம், கட்டட வாடகை, வராக்கடன் நட்டம், இலாபம் எல்லாம்.

காப்புறுதி நிறுவனம் கடன் கொடுப்பதை நம்பி நடப்பதில்லை. ஆயிரம் வீடுகள், ஒவ்வொன்றும் 200,000 ரிங்கிட் மதிப்பு, ஆண்டுக்குச் சராசரி ஒரு வீடு தீப்பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு வீட்டுக்காரர் 200 ரிங்கிட் கொடுத்தாலே எரிந்த வீட்டுக்கான தொகை சேர்ந்துவிடும். அதோடு நிர்வாகச் செலவும் முகவர் தரகும் இலாபமும் சேரும்போது பிரீமியம் ஆகிறது. எந்த வீடு எரியும் என்று யாருக்கும் தெரியாது. ஆயிரத்தில் எத்தனை எரியும் என்பதை மட்டும் ஓரளவு கணிக்கலாம். அந்தக் கணிப்பைச் செய்வதுதான் இத்தொழிலின் உயிர்நாடி.

பிரீமியம் முதலில் வரும், இழப்பீடு பிறகு போகும். ஆயுள் காப்புறுதியில் இந்த இடைவெளி இருபது, முப்பது ஆண்டாகவும் இருக்கலாம். அதுவரை அந்தப் பணத்தை அரசாங்கக் கடன் பத்திரங்களிலும் பங்குகளிலும் நிறுவனம் முதலீடு செய்கிறது. நீண்டகாலக் கடன் பத்திரங்களைப் பெருமளவில் வாங்குவோர் எந்த நாட்டிலும் காப்புறுதி நிறுவனங்களும் ஓய்வூதிய நிதிகளும்தான். சாலை, துறைமுகம், மின் நிலையம் போன்றவற்றுக்கான நீண்டகாலப் பணம் இப்படித்தான் கிடைக்கிறது.

எது எப்படிச் சரியும்?

வங்கியின் பலவீனம் நேரம். வாடிக்கையாளர் வைத்த பணத்தை எந்த நாளும் கேட்கலாம். ஆனால் வங்கி கொடுத்த வீட்டுக் கடன் முப்பது ஆண்டு கழித்துத்தான் முழுதாகத் திரும்பும். எல்லாரும் ஒரே நாளில் வந்து கேட்டால், நல்ல வங்கிகூடத் தடுமாறும். அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் 2023 மார்ச் 9ஆம் நாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றனர். மறுநாள் அந்த வங்கி மூடப்பட்டது. வட்டி ஏறியதால் மதிப்புக் குறைந்த கடன் பத்திரங்களை அவசரமாக விற்க நேர்ந்ததுதான் அந்த வங்கியை வீழ்த்தியது.

காப்புறுதி நிறுவனமும் அதே போன்ற பத்திரங்களைத்தான் வைத்திருக்கிறது. ஆனால் அதனிடம் யாரும் ஒரே நாளில் வந்து இறப்பு இழப்பீடு கேட்க முடியாது. பாலிசியை இடையில் முறித்தால் நட்டம் கட்டியவருக்குத்தான் என்பதால் ஓடிவந்து பணம் எடுப்போரும் குறைவு. இதனால் காப்புறுதி நிறுவனங்கள் வங்கிகளைப் போல ஒரே வாரத்தில் சரிவது அரிது. அவை சரிந்தால் பெரும்பாலும் மெல்லத்தான் சரியும்: பிரீமியத்தைக் குறைவாக நிர்ணயித்தது, எதிர்பார்த்ததைவிட இழப்பீடு அதிகமானது, முதலீடு கைகொடுக்காதது போன்ற காரணங்களால்.

இதற்கு விதிவிலக்காகத் தோன்றிய ஒரு சம்பவம் மலேசியர்களையும் கலங்க வைத்தது. 2008 செப்டம்பர் 16ஆம் நாள் அமெரிக்காவின் ஏஐஜி நிறுவனத்தைக் காப்பாற்ற அந்நாட்டு மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் அறிவித்தது. இங்கே பல வீடுகளில் பாலிசி வைத்திருந்த ஏஐஏ, அப்போது ஏஐஜிக்குச் சொந்தமானது. சிங்கப்பூரில் பாலிசிதாரர்கள் ஏஐஏ அலுவலகத்தில் வரிசை பிடித்தனர். மலேசியாவில் உள்ள ஏஐஏ நல்ல நிலையில் இருப்பதாகப் பேங்க் நெகாரா விளக்கம் தந்தது.

ஏஐஜியை வீழ்த்தியது ஆயுள் காப்புறுதியோ மோட்டார் காப்புறுதியோ அல்ல. வீட்டுக் கடன் பத்திரங்கள் கெட்டுப்போனால் பணம் தருவதாக அதன் ஒரு துணைப் பிரிவு செய்த ஒப்பந்தங்களே முக்கியக் காரணம். அந்த ஆபத்து தீ விபத்தைப் போல வீட்டுக்கு வீடு தனித்தனியாக வருவதில்லை. சந்தை விழுந்தால் எல்லாம் ஒன்றாக விழும். காப்புறுதிக் கணக்கு அங்கே செல்லாது. அவசரப்பட்டு நல்ல பாலிசியை முறித்தவர்கள்தான் நட்டப்பட்டார்கள். ஏஐஏ பிறகு 2010 அக்டோபரில் ஹாங்காங் பங்குச் சந்தையில் தனி நிறுவனமாகப் பட்டியலிடப்பட்டது.

பினாங்கு வீதியும் லெபோ பந்தாயும்

இந்த வேறுபாடுகளுக்குப் பினாங்கிலேயே நீண்ட வரலாறு உண்டு. தைப்பூச வெள்ளி இரதம் புறப்படும் பினாங்கு வீதியில்தான் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. தங்கள் சொந்த முதலையும் உறவினர் முதலையும் வங்கியில் வாங்கிய கடனையும் வைத்து அவர்கள் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். சற்றுத் தள்ளி லெபோ பந்தாயில் ஆங்கிலேயர் வங்கிகள் இருந்தன. சார்ட்டர்ட் வங்கி 1875இலும் ஹாங்காங் ஷாங்காய் வங்கி 1884இலும் பினாங்கில் கிளை திறந்தன. இந்த நாட்டில் அவ்விரண்டுக்கும் அதுவே முதல் கிளை.

செட்டியார் சமூகத்திலிருந்தே நவீன வங்கியும் காப்புறுதியும் வளர்ந்தன. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் திறக்கப்பட்ட அந்த வங்கி அடுத்துக் கிளை திறந்த இடம் பினாங்கு. கடல் கடந்த தமிழர்களின் வணிகத்துக்கும் ஊருக்கு அனுப்பும் பணத்துக்கும் அது துணையாக இருந்தது. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்புறுதி நிறுவனமும் அவர் பொறுப்பில் இயங்கியது. சென்னை அண்ணா சாலையில் இன்றும் நிற்கும் எல்ஐசி கட்டடம், முதலில் அந்த நிறுவனத்துக்காகத் தொடங்கப்பட்டதுதான். 1954 மார்ச் 13ஆம் நாள் சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் நடந்த விமான விபத்தில் அவர் உயிரிழந்தார்.

வங்கிக்கும் காப்புறுதிக்கும் பிறகு அமைந்த வழிகள் வேறு. இந்தியாவின் ஆயுள் காப்புறுதி நிறுவனங்கள் 1956 செப்டம்பர் 1ஆம் நாள் எல்ஐசி என்ற ஒரே அமைப்பாக இணைக்கப்பட்டன. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1969 ஜூலை 19ஆம் நாள் அரசுடைமை ஆனது. வெளிநாட்டு அரசாங்கத்துக்குச் சொந்தமான வங்கி இங்கே இயங்கக் கூடாது என்பது அப்போதைய மலேசியச் சட்டம். அதனால் 1973இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, யூகோ வங்கி ஆகியவற்றின் மலேசியக் கிளைகள் ஒன்றாகி யுனைடெட் ஏசியன் வங்கி பிறந்தது. பின்னாளில் அது வேறு வங்கியுடன் இணைந்து, இன்றைய சிஐஎம்பி வங்கியின் வரலாற்றில் ஒரு பக்கமாகிவிட்டது.

மைக்கா கற்றுத் தந்தது

பங்கு வாங்குவதற்கும் வங்கியில் போடுவதற்கும் உள்ள வேறுபாட்டை மலேசியத் தமிழர்கள் விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டார்கள். 1982இல் ம.இ.கா.வின் முயற்சியில் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டது. ஏறக்குறைய 66,000 பேர் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் பங்குப் பணம் செலுத்தினார்கள். தோட்டத் தொழிலாளர்கள் பலரும் சிறுகச் சிறுகச் சேர்த்ததை அதில் போட்டார்கள். எதிர்பார்த்த வளர்ச்சி வரவில்லை. கடைசியில் 2010இல் ஒரு தனியார் நிறுவனம், பங்கு ஒன்றுக்கு 80 சென் தருவதாக முன்வந்தது. ஒரு ரிங்கிட் போட்டு 28 ஆண்டு காத்திருந்தவருக்கு 80 சென்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மைக்காவின் கையில் கடைசிவரை இருந்த முக்கியச் சொத்து, ஓரியண்டல் கேப்பிட்டல் அஷூரன்ஸ் என்ற பொதுக் காப்புறுதி நிறுவனம். 2012இல் அது டியூன் குழுமத்துக்குக் கைமாறியது. அந்த நிறுவனத்தில் கார் காப்புறுதி எடுத்தவர், தனக்கு வர வேண்டிய இழப்பீட்டைச் சட்டப்படி கேட்டு வாங்க உரிமை உள்ளவர். அதற்கான பணத்தை நிறுவனம் தனி நிதியாக ஒதுக்கி வைக்க வேண்டும். ஆனால் அதே நிறுவனத்தை வைத்திருந்த மைக்காவில் பங்கு வாங்கியவர், அந்த நிறுவனத்தின் முதலாளிகளில் ஒருவர். இலாபம் வந்தால் பங்கு உண்டு. வராவிட்டால் கேட்க வழியில்லை. எல்லாருக்கும் கொடுத்தது போக மிச்சம் இருந்தால்தான் பங்குதாரருக்கு. “காப்புறுதி கம்பெனியில் பணம் போட்டேன்” என்று இருவரும் சொல்லலாம். இருவரின் நிலையும் ஒன்றல்ல.

கூட்டுறவு, கூட்டு, அடகு

கூட்டுறவுச் சங்கம் இன்னொரு வகை. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலை இழந்த காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சிறு தவணைப் பணத்தில் கெடா புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. இங்கே பணம் கட்டியவர் உறுப்பினர். பொதுக்கூட்டத்தில் அவருக்கு ஓட்டு உண்டு. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கும் பணத்துக்கு வங்கி வைப்புக்கு உள்ள காப்பு கிடையாது. 1986இல் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டபோது மக்கள் இதை உணர்ந்தார்கள். 2008 முதல் மலேசியக் கூட்டுறவு ஆணையம் இச்சங்கங்களைக் கண்காணித்து வருகிறது. காப்புறுதியிலும் கூட்டுறவு உண்டு. 1954இல் கூட்டுறவு அமைப்பாகத் தொடங்கிய எம்சிஐஎஸ், பிறகு நிறுவனமாக மாறிப் பேங்க் நெகாராவின் கண்காணிப்பில் இயங்குகிறது.

கூட்டு பற்றிச் சொல்லவே வேண்டாம். மாதம் இருநூறு, முந்நூறு கட்டி முறை வைத்து எடுப்பது பலருக்குத் திருமணச் செலவுக்கும் பள்ளிச் செலவுக்கும் கைகொடுத்திருக்கிறது. ஆனால் 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டப்படி அதை நடத்துவது குற்றம். தலைவர் ஓடிப்போனால் எந்த வாரியமும் அந்தப் பணத்தை மீட்டுத் தராது.

அடகுக்கடைக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. வட்டி மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. உரிமம் பெற்ற கடன் நிறுவனம் ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. இந்த எல்லையைத் தாண்டிக் கேட்பவர் யார் என்று விளக்கத் தேவையில்லை. ஆலோங் வாசலில் போய் நிற்கும் குடும்பங்களில் பல, நோய் அல்லது விபத்து வந்த வேளையில் காப்புறுதி இல்லாமல் அங்கே போனவையே.

யார் காவல்?

வங்கி, காப்புறுதி இரண்டையும் பேங்க் நெகாரா கண்காணிக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம் இரண்டுக்கும் பொது. பங்குச் சந்தை, யூனிட் டிரஸ்ட் ஆகியவற்றை 1993இல் அமைந்த பங்குப் பத்திர ஆணையம் கவனிக்கிறது.

நிறுவனம் சரிந்தால் மக்களுக்குப் பணம் தர 2005இல் பிஐடிஎம் எனும் மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் அமைக்கப்பட்டது. உறுப்பு வங்கி ஒன்றில் ஒருவர் வைத்திருக்கும் 250,000 ரிங்கிட் வரையிலான வைப்புக்குக் காப்பு உண்டு. விண்ணப்பம் வேண்டாம், கட்டணமும் இல்லை. பேங்க் சிம்பானான் நேஷனல் இதில் உறுப்பு வங்கி அல்ல. ஆனால் அதில் உள்ள வைப்புக்கு அரசாங்கமே உத்தரவாதம் தருகிறது.

காப்புறுதி, தக்காஃபுல் பாலிசிகளுக்கும் 2010 டிசம்பர் 31ஆம் நாள் முதல் பிஐடிஎம் காப்பு இருக்கிறது. இறப்புப் பலனுக்கு 500,000 ரிங்கிட் வரை. ஆனால் முதலீட்டோடு இணைந்த பாலிசியில் உள்ள யூனிட் பகுதிக்கு இந்தக் காப்பு இல்லை. பங்குகள், யூனிட் டிரஸ்ட், தங்க முதலீட்டுக் கணக்கு ஆகியவற்றுக்கும் இல்லை. வங்கி முகப்பில் வாங்கினாலும் இல்லை. வங்கிக்குள் விற்கப்படும் எல்லாம் வைப்புத்தொகை என்று நினைப்பது பலர் செய்யும் தவறு.

காவலில் இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. காப்புறுதி நிறுவனம் தன் பொறுப்புகளுக்குத் தேவையான மூலதனத்தில் குறைந்தது 130 விழுக்காடு வைத்திருக்க வேண்டும் என்பது பேங்க் நெகாரா நிர்ணயித்த அளவு. அதற்குக் கீழே போகும் முன்பே தலையீடு வரும்.

இறந்த பிறகு பணம் யார் கைக்கு?

வங்கிக் கணக்கில் பணம் வைத்திருந்தவர் இறந்தால் அந்தக் கணக்கு முடக்கப்படும். உயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொத்தை நிர்வகிக்கும் உத்தரவு வாங்கி வந்தபின்தான் பெரும் தொகையை வங்கி விடுவிக்கும். அதற்கு மாதங்கள் ஆகலாம். இறந்தவருக்குக் கடன் இருந்தால் அதைத் தீர்த்த பிறகே குடும்பத்துக்கு மிச்சம்.

ஆயுள் காப்புறுதியில் வாரிசு நியமனம் முக்கியம். முஸ்லிம் அல்லாத பாலிசிதாரர் தன் மனைவி அல்லது கணவர், பிள்ளை ஆகியோரை நியமித்தால், அல்லது அவர்கள் இல்லாத நிலையில் பெற்றோரை நியமித்தால், அந்தப் பணம் இறந்தவரின் சொத்தில் சேராது. கடன்காரர்களும் அதில் கை வைக்க முடியாது. அண்ணன், தம்பி, நண்பர் என்று வேறு யாரையாவது நியமித்திருந்தால், அவர் அந்தப் பணத்தை வாங்கி உரியவர்களுக்குப் பிரித்துத் தரும் பொறுப்பாளர் மட்டுமே. திருமணத்துக்கு முன் அம்மாவின் பெயரைப் போட்டுவிட்டு, பிறகு மாற்றாமல் விட்ட பாலிசிகளும் இபிஎஃப் கணக்குகளும் பல வீடுகளில் சச்சரவை உண்டாக்கியிருக்கின்றன.

வங்கியும் காப்புறுதியும் சந்திக்கும் இடம் வீட்டுக் கடன். கடனோடு எம்ஆர்டிஏ எடுத்திருந்தால், சம்பாதிப்பவர் இறந்ததும் காப்புறுதிப் பணம் நேராக வங்கிக்குப் போய்க் கடன் அடையும். வீடு குடும்பத்துக்கு மிஞ்சும். தோட்டத்தை விட்டு வந்து செபராங் பிறையில் முதல் வீடு வாங்கிய குடும்பத்துக்கு, ஒருவர் சம்பளத்தில் மட்டும் கடன் ஓடுகிறது என்றால் இது சிறிய விஷயம் அல்ல.

காப்புறுதி சறுக்கும் இடங்கள்

காப்புறுதியைச் சேமிப்பு என்று சொல்லி விற்பதில்தான் குறைகள் தொடங்குகின்றன. பெரும்பாலான ஆயுள் பாலிசிகளை முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் முறித்தால் திரும்பக் கிடைப்பது ஒன்றும் இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். இரண்டு ஆண்டுக்குள் எடுக்க வேண்டிய பணத்துக்கு உரிய இடம் வங்கி. ஆயுள் பாலிசி கையில் கிடைத்த 15 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பித் தர உரிமை உண்டு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

விண்ணப்பத்தில் நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றை மறைப்பது அடுத்த தவறு. “அதெல்லாம் எழுத வேண்டாம்” என்று யார் சொன்னாலும், கையெழுத்து போடுபவர்தான் பொறுப்பு. மோட்டார் காப்புறுதியில், முழுக் காப்பு எடுத்தவருக்கும் வெள்ளச் சேதம் தானாகச் சேராது; தனியாகச் சேர்க்க வேண்டும். 2017 நவம்பர் 4ஆம் நாள் பினாங்கைப் புரட்டிப்போட்ட வெள்ளத்துக்குப் பிறகும் இதைச் சேர்க்காமல் ஓட்டுவோர் இருக்கிறார்கள்.

மருத்துவக் காப்புறுதியில் இப்போதைய கவலை பிரீமிய உயர்வு. தனியார் மருத்துவமனைச் செலவு ஏற ஏற, இழப்பீடு ஏறுகிறது. அதைத் தொடர்ந்து பிரீமியமும் ஏறுகிறது. 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வை மூன்று ஆண்டுகளுக்காவது பிரித்து விதிக்கும்படி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. உயர்வைக் கண்டு பாலிசியை விட்டுவிட்டால், வயது ஏறி நோய் வந்த பிறகு புதிய பாலிசி கிடைப்பது கடினம். முறிப்பதற்கு முன், காப்பைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைக்க வழி உண்டா என்று நிறுவனத்திடம் கேட்பது நல்லது.

இன்றே செய்யக்கூடியவை

வீட்டில் உள்ள எல்லாக் கணக்குகளையும் பாலிசிகளையும் ஒரு தாளில் எழுதி, எது சேமிப்பு, எது காப்புறுதி, எது பங்கு என்று குறித்துவைக்கலாம். ஒவ்வொன்றிலும் வாரிசு யார் என்று பார்க்கலாம். அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று மனைவிக்கோ பிள்ளைக்கோ தெரிந்திருக்க வேண்டும். ஏழு ஆண்டு தொடாமல் கிடக்கும் வங்கிக் கணக்கின் பணம் கோரப்படாத பணமாகப் பதிவாளரிடம் போய்விடும். உரியவர் அதைக் கேட்டுப் பெறலாம். ஆனால் இருப்பது தெரிந்தால்தான் கேட்க முடியும்.

வேலைக்குப் போகாத இல்லத்தரசிகளுக்கு 2022 டிசம்பர் முதல் சொக்சோவில் தனித் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தா. சொந்தமாகத் தொழில் செய்வோருக்கும் தனித் திட்டம் உண்டு. மாதம் பத்து ரிங்கிட் என்பது பல குடும்பங்களால் முடிந்த தொகைதான்.

இழப்பீடு மறுக்கப்பட்டால் அதோடு நின்றுவிட வேண்டியதில்லை. முதலில் நிறுவனத்தின் புகார் பிரிவுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். அதன் இறுதி முடிவு திருப்தி தராவிட்டால், ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பாளர் சேவையிடம் போகலாம். 2025 ஜனவரி முதல் வங்கி, காப்புறுதி, முதலீடு ஆகிய மூன்று துறைப் புகார்களுக்கும் அது ஒரே இடம். 250,000 ரிங்கிட் வரையிலான பிணக்குகளை அது விசாரிக்கும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. மறுப்புக் கடிதம், பாலிசி, மருத்துவ அறிக்கை ஆகியவற்றின் நகல்களைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.